வாலாஜாபாத் மில் சங்கும் ஏகாம்பரம் சாரும்

ஏகாம்பரம் சார் இன்று காலை இறந்துவிட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் கொண்டுவர உள்ளே போன அந்த வீட்டு அம்மா திரும்பி வருவதற்குள்... ஐம்பத்திரண்டு வயது.

காஞ்சிபுரத்தில் பலருக்கு அவர் ஈ.பி.யிலிருந்து ரீடிங் எடுக்க வருகிறவர். எனக்கு அவர் கிடைத்தது இதே முகநூலில்தான்.

மூடிக்கிடக்கும் ஆலைகளை நான் போட்டோ எடுத்துப் போடுவது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் வாலாஜாபாத்தில் ஒரு பழைய ரைஸ் மில்லின் புகைபோக்கியைப் போட்டிருந்தேன். சூப்பர், நைஸ் கிளிக் என்று வந்த கமெண்ட்களுக்கு நடுவில் ஒன்று: "மேடம், இந்த மில்லில் என் அப்பா ஃபிட்டர். உள்ளே போனால் என்னையும் கூப்பிடுங்கள்."

கூப்பிட்டேன்.

இடத்தை வாங்கியிருப்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். உள்ளே முழுக்க சீமைக்கருவேலம். சார் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "மொதல்ல மீட்டர் எங்க இருக்குதுன்னு பாத்துடறேன் மேடம்... பழக்கம்" என்றார்.

கூரை போன பாய்லர் ரூமில் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கதான் சங்கு இருந்துது மேடம். பித்தளை. அது ஊதுனாதான் ஊருல மணி தெரியும். அத எங்க அப்பா திருடிட்டாருன்னு வேலய விட்டு அனுப்பிட்டாங்க."

அப்போது அவருக்கு ஏழு வயது. போலீஸ், கேஸ் எதுவும் இல்லை. ஒரு லெட்டர் மட்டும். ஊரில் தலைகாட்ட முடியாமல் குடும்பம் காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டது. ஃபிட்டராக இருந்தவர் கடைசிவரை ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார்.

"பத்தாவது படிக்கறப்போ ஒரு தடவ கேட்டுட்டேன் மேடம். நீ எடுத்தியாப்பான்னு. அவரு என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் எழுந்து போயிட்டாரு."



வெளியே வந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் வயதானவர், யார் என்ன என்று விசாரித்தார். சார் அப்பா பெயரைச் சொன்னார்.

"சங்கு காணோம்னாங்களே... அந்த ஃபிட்டர் புள்ளயா நீ?"

"ஆமாண்ணா."

"நடுவுல கொஞ்ச நாள் ஊதல. அப்பறம் அதே சங்குதானேப்பா ஊதுச்சு? மில்லு மூடற வரிக்கும் ஊதிக்கினுதான் இருந்துது."

சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அதே சங்கா?"

"அந்த சத்தம் எனக்குத் தெரியாதா?"

"எங்ககிட்ட யாரும் சொல்லலியேண்ணா."

"நீங்கதான் ஊர வுட்டே பூட்டீங்களே. யாருகிட்ட சொல்றது?"

அதற்குப் பிறகு ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். ஆபீஸ் ரூமில் இருந்த நோட்டுகளில் பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. ஒரு இரும்பு பீரோவின் பின்பக்கம் துருப்பிடித்துத் திறந்திருந்தது. அதற்குள் கட்டுக்கட்டாக கேட் பாஸ் புத்தகங்கள்... மில்லிலிருந்து எந்தச் சாமான் வெளியே போனாலும் எழுதுவார்களே, அதன் கார்பன் காப்பி.

நான் வெளியே ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் சார் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு புத்தகம், கையில் மொபைல் டார்ச்.

பித்தளைச் சங்கு ஒன்று. பழுது பார்க்க. சென்னை. கீழே மேனேஜர் கையெழுத்து.

வேலையை விட்டு அனுப்பிய லெட்டரை அவர் அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதிலிருந்த தேதிக்கு நாலு நாள் முந்தைய பாஸ் அது.

மேனேஜர் மறந்துவிட்டாரா, முதலாளி கேட்கவே இல்லையா, வேறு ஏதாவது கோபமா... தெரியவில்லை. எவ்வளவோ விசாரித்தேன். இரண்டு பேருமே உயிரோடு இல்லை. முதலாளி குடும்பத்தில் ஒருவர் போனில் கிடைத்தார். "அதெல்லாம் தாத்தா காலத்து விஷயம் மேடம்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சார் என்னையும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்.

"இன்னொரு தடவ படி" என்றார் அம்மா.

படித்தார்.

"எனக்குத் தெரியும்டா. உனக்குத்தான் தெரியல."

ஒரு ஐம்பது வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தத் தாளை லேமினேட் பண்ணி, லீவு போட்டு, வாலாஜாபாத்தில் சொந்தக்காரர்கள் வீடு ஒவ்வொன்றாகப் போனார். சிலர் காபி கொடுத்தார்களாம். சிலர் "இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்" என்றார்களாம். எல்லா வீட்டிலும் முழுதாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்தேன் மேடம் என்று சொன்னார்.

இன்று மதியம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா என் கையை விடவே இல்லை. "டிபன் கூட சாப்டாமப் போனாம்மா... வந்து சாப்பிடறேன்னான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் சார் எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. இப்போதுதான் மறுபடி கேட்டேன்.

"மேடம், திருப்புட்குழி பக்கம் ஒரு மில்லு மூடிக் கெடக்குது. ஆபீஸ் ரூம் பூட்டு கூட ஒடைக்கல. உள்ள யாரு பேராவது இருக்கும் மேடம்... ஞாயித்துக்கெழம போலாமா?"

நான் ஒரு தம்ஸ் அப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நல்லபடியா போயிட்டு வாங்க சார்.