கீழே அடைத்த சுவர்

இது நடந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், வயலை ஒட்டின கடைசி வீட்டில், போன ஐப்பசி மழையில் நடந்தது. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பம் பட்டது போதும். கதை விடுகிறான் என்று சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பாதியை அங்கே வேலை செய்த துரைராசு சொன்னார், மீதியை வீட்டுக்காரி பர்வினே சொன்னாள். நானாக எதையும் கூட்டவில்லை.

பர்வினின் கணவன் ஜாஃபர் சாதிக் துபாயில் இருக்கிறான். அங்கே வெயிலில் வெந்து இங்கே கட்டின வீடு. முகப்புச் சுவர் முழுக்க மரப்பலகை போலத் தெரிகிற ஷீட் அடித்திருந்தான். சுவரில் மரச்சட்டம், அதன்மேல் ஷீட். தெருவே நின்று பார்த்தது. அடியில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தான். "எப்படி அடிச்சாலும் மழைத்தண்ணி எங்கயாவது உள்ள இறங்கத்தான் செய்யும் பர்வின். இறங்கினது கீழ வழியா வெளிய போயிடணும், காத்தும் போய் வரணும். இல்லன்னா சட்டம் மக்கிடும்" என்று, விமானம் ஏறுகிற அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

சொன்னவன் துபாயில். பாம்புச் சட்டை கிடந்தது இங்கே, அந்த இடைவெளிக்கு நேர் கீழே. நாலு வயது மகள் அஃப்ரீன் முகப்பில்தான் நாள் முழுக்க விளையாடுகிறாள். பூச்சிபொட்டு உள்ளே போய்க் குடியிருந்தால் யார் பதில் சொல்வது? எந்தத் தாய் சும்மா இருப்பாள், நீங்களே சொல்லுங்கள்! பர்வின் தன் கையாலேயே சிமெண்ட் குழைத்து, ஊசி நுழைய இடமில்லாமல் அந்த இடைவெளியை அடைத்துவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. முகப்பை ஒட்டின படுக்கையறையில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாய் எழும்பியது. பீரோவுக்குப் பின்னால் பூசணம் பூத்தது. அஃப்ரீனுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. "ஈரமில்லாத இடத்துல படுக்க வைங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா புள்ள தாங்காது" என்றார் டாக்டர். தாய்வீட்டுக்குப் போகலாமென்றால் அங்கே இதைவிட ஒழுகல்.

கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தினாள். கூடத்துச் சுவருக்கும் அந்த ஷீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மறுநாள் அதுவும் ஈரம். தலைமாட்டில் மட்டும்... குழந்தை படுத்திருக்கிற உயரத்துக்கு.

ஜாஃபர் போனில் கத்தினான். "அடைச்சியா? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? மொதல்ல ஒடைக்கச் சொல்லு!" ஷீட் அடித்துக் கொடுத்த துரைராசுவோ, "மழை கொஞ்சம் விடட்டும்மா, வந்துடறேன்" என்றார். பர்வின் கடப்பாரையால் இடித்துப் பார்த்தாள். மேல்பூச்சுதான் உதிர்ந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய நேரம். கரண்ட் இல்லை. பட்டப்பகலில் வீடு இருட்டிக் கிடந்தது. அஃப்ரீன் தூங்கிக்கொண்டிருந்தாள். இழுப்பே இல்லை. நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. "யா அல்லாஹ், எம்புள்ளைய காப்பாத்திட்டே" என்று பர்வின் அழுதே விட்டாள்.

அப்போதுதான் கேட்டது.

ஙீ... ஙீ...

இழுப்புச் சத்தம். குழந்தையின் வாயருகே காதை வைத்தாள். அங்கே இல்லை.

படுக்கையறையிலிருந்து வந்தது.

போய் நின்றாள். யாருமில்லை. சுவரில் காதை வைத்தாள். சுவர் மூச்சு விட்டது. ஙீ... ஙீ... பிறகு இருமல். இருமி முடித்ததும் ஒரு சிணுங்கல். பெற்றவளுக்குத் தெரியாதா? அது அஃப்ரீனின் இருமல்.

கூடத்துக்கு ஓடினாள். குழந்தை அசையாமல் தூங்கியது. உதடு மூடியே இருந்தது.

டொக்... டொக்...

முகப்புச் சுவருக்குள்ளிருந்து. அடியில், சிமெண்ட் பூசின இடத்துக்குப் பக்கத்தில்.

"அண்ணே, இப்பவே வாங்க" என்று போனில் அலறினாள்.

துரைராசு லோடு ஆட்டோவில் நனைந்துகொண்டே வந்தார். "காத்தா இருக்கும்மா" என்று சிரித்தபடி ஷீட்டில் காதை வைத்தார். சிரிப்பு நின்றது.

"உள்ள யாரும்மா?"

"ஒடைங்கண்ணே!"

உளியை வைத்து அடித்தார். சிமெண்ட் பிளந்தது. தண்ணீர் கொட்டப்போகிறதென்று துள்ளி விலகினார்.

ஒரு சொட்டு வரவில்லை.

ஷீட்டைப் பிடுங்கினார். சட்டம் புட்டு மாதிரி உதிர்ந்தது. கறுத்து, மக்கி... ஆனால் காய்ந்து கிடந்தது.

"இத்தனை நாள் இறங்கின தண்ணி எங்கம்மா?"

பர்வின் குனிந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

சத்தம் நின்றுவிட்டது. இருமலும் இல்லை, தட்டலும் இல்லை.

"போயிடுச்சும்மா" என்றார் துரைராசு. பர்வினுக்கு உயிர் வந்தது. மகளைப் பார்க்கப் போனாள்.

அஃப்ரீன் அப்படியேதான் படுத்திருந்தாள்.

நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

தலையணை சொதசொதவென்று நனைந்திருந்தது. கடைவாயில் ஒரு கோடு தண்ணீர்...

லோடு ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மழை, பள்ளம், ஹாரன். பர்வின் வழியெல்லாம் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கண் திறக்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோதே முகம் சரியில்லை. உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். பர்வின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த வாய்க்கால்ல விழுந்தா?"

"வாய்க்காலா? கட்டில்ல தூங்கிட்டிருந்தாம்மா!"

"மறைக்காதீங்க. நெஞ்சு பூரா தண்ணி. முங்கின புள்ளைக்குத்தான் இப்படி இருக்கும்."

"நான் அங்கதாம்மா இருந்தேன்" என்றார் துரைராசு. "புள்ள கட்டில விட்டு எறங்கவே இல்ல."

டாக்டரம்மா உள்ளே போய், டியூப் போட்டு உறிஞ்சியெடுத்ததைப் பிடித்த பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அப்ப இது என்ன?"

கறுத்த தண்ணீர். அடியில் மக்கின மரத்தூள். அதில் ஒரு சில்லு சிமெண்ட்.

பர்வின் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுச் செவுத்துத் தண்ணிம்மா" என்றாள்.