விட்டுக்கொடுக்காத எஃபி

எதிராளியின் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். எங்கள் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் "சரி, எடுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். பந்து விழுந்ததாகவே கணக்கு. எஃபி கெடிஸ் மட்டும் வாயிலிருக்கும் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு, "உம், போடு" என்பார்.

வயது எழுபதுக்கு மேல். செத்துப்போன கணவரின் மழைக்கோட்டு கணுக்கால்வரை தொங்கும். எஃபி மீன்கடை வைத்திருந்தவர்; அவர் தராசில் ஒரு வால்துண்டுகூட அதிகம் விழுந்ததில்லை என்று ஊரில் இன்றும் புலம்புகிறார்கள். பாதிரியார் ஒருமுறை குழியருகே கெஞ்சலாகப் பார்த்தார். "மன்னிக்கிறதெல்லாம் சர்ச்சோட வெச்சுக்குங்க ஐயா. இங்கே பந்து உள்ளே விழணும்." பாதிரியார் தவறவிட்டார். அந்த ஞாயிறு பிரசங்கம் கொஞ்சம் காரம்தான்.

எதிர்க்காற்று கிளம்பினால், "வந்துட்டியா, மூதேவி" என்று வரவேற்பார். நாயோடு குறுக்கே நடக்கிறவர்களுக்கு மட்டும் பொறுமையாக நிற்பார். மைதானம் நானூறு வருஷமாக ஊர்ப்பொது. "புல்லு அவங்களோடதும்தானே" என்பார்.

வியாழக்கிழமைதோறும் அவரோடு ஆடுபவர், பள்ளித் தோழி நெட்டா மெல்ட்ரம். குளிர்காலத்தில் நெட்டாவைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை இன்னும் நடுங்குகிறது. மே மாதம்தான் மறுபடி மட்டையைத் தொட்டார். எஃபியோடு ஆடப்போன முதல் நாள், நெட்டாவின் மட்டைப் பையை நான்தான் இழுத்துப் போனேன். வழியில் அவர் சொன்னார்:

"வீட்டுல மக எனக்கு மீன்ல முள்ளு எடுத்துத் தரா. இங்கே வந்தா ஆளாளுக்கு 'எடுத்துக்கோ நெட்டா, எடுத்துக்கோ'ங்கறாங்க. இன்னிக்கு எஃபியும் அதைச் சொன்னாள்னா, மட்டையை இதோட பரண்ல போட்டுடுவேன்."

எஃபிக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

கடைசிக் குழிவரை சமம். எஃபி போட்டு முடித்துவிட்டார். நெட்டாவின் பந்து ஒரு சாண் தள்ளி நின்றது. விழுந்தால் சமன், தவறினால் தோல்வி. மட்டை பந்துக்குப் பின்னால் தடதடவென்று ஆடியது. நெட்டா நிமிர்ந்து தோழியைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த எனக்கே மனசு தாங்கவில்லை. 'கொடுத்துத் தொலையேன்' என்றுதான் தோன்றியது.

"என்னடி முழிக்கிறே? மழை வருது. போடு."

பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது.

"போகலை. நான் ஜெயிச்சேன்" என்றார் எஃபி.

"அடிப்பாவி! கல்நெஞ்சுக்காரி!" நெட்டா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடுத்த வியாழன் வாடி, உன்னைப் பாத்துக்கறேன்." என் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி, தானே இழுத்துக்கொண்டு தேநீர் குடிக்க நடந்தார்.

எஃபி, குழியை அடையாளம் காட்டும் கொடிக்கம்பைத் திரும்பக் குழியில் செருகக் குனிந்தார். கம்பு விளிம்பில் இடித்தது. மறுபடியும் இடித்தது. அப்புறம் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துத்தான் அதை உள்ளே இறக்கினார்.