நாலாம் கட்டிலின் நாடி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். அருமனைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி. பெயரைச் சொல்லிப் பொல்லாப்பு தேட எனக்கு விருப்பமில்லை. போன வருடம் ஜூலை மாதம், பட்டப்பகலில் நடந்தது.

அங்கே டியூட்டராக இருப்பவள் அஜிஷா. பிள்ளைகளிடம் கத்த மாட்டாள். முதல் ஊசியைத் தன் கையில்தான் போடச் சொல்வாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: எண்ணியதை எழுது, எண்ணாததை எழுதாதே. லேபில் பயிற்சிக்காகப் படுக்க வைத்திருக்கும் ரப்பர் பொம்மைக்கு ஏது நாடி? ஆனாலும் மற்ற வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல உடம்புக்கு இருக்கவேண்டிய எழுபத்திரண்டு என்று எழுதிவிடுவார்கள். அஜிஷாவின் பிள்ளைகள் மட்டும் 'இல்லை' என்று எழுதுவார்கள். பிரின்சிபால் ராஜமணி மேடத்துக்கு இது கொஞ்சமும் ஆகாது.

அன்று முதலாண்டு மாணவி லிஜாவின் ரெக்கார்டில் ஒரு பக்கம் பாக்கி. மறுநாள் செய்முறைத் தேர்வு. பிரின்சிபால் கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு வருடம் வீண்.

மதியம் 2.15. வெளியே மழை. கரண்ட் போய்விட்டது. நாலாம் கட்டிலில் பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்திருந்த லிஜா நிமிர்ந்தாள்.

"மிஸ்... இதுக்குப் பல்ஸ் இருக்கு."

"கட்டைவிரல வச்சியா? அப்ப உனக்க பல்ஸுதான் உனக்குத் தெரியும். மூணு விரல வை மக்கா."

"மூணு விரலுதான் மிஸ் வச்சிருக்கேன்..."

சிரித்திருக்கலாம். அஜிஷா சிரிக்கவில்லை. தானும் விரல் வைத்தாள். ரப்பர் தோல் சில்லென்று இருந்தது. வியர்த்தும் இருந்தது.

டுக்.

வெகு நேரம் கழித்து... டுக்.

அவளுடைய நெஞ்சோ படபடவென்று அடித்தது. ஆக, இது அவள் நாடி இல்லை.

2.17. முழு நிமிடம் எண்ணினார்கள்.

முப்பத்தெட்டு.

கட்டில் கிரீச்சென்றது...

ஓடத்தான் தோன்றியது. ஓடவில்லை.

"நீ யாராயிருந்தாலும் செரி, எனக்க பிள்ளைய பயமுறுத்தாத" என்றாள் கட்டிலைப் பார்த்து. பிறகு லிஜாவிடம், "எழுது."

மூன்று மணிக்குப் பிரின்சிபால் அறை.

"என்ன விளையாட்டு இது? எழுபத்திரண்டுன்னு மாத்து."

"மாத்த மாட்டோம் மேடம். அவ எண்ணினா. நானும் எண்ணினேன்."

"அப்ப கையெழுத்து கிடையாது."

"அப்ப எனக்க ராஜினாமாவையும் சேத்து வாங்கிக்கிடுங்க. அதுல காரணம்னு இந்த முப்பத்தெட்டும் இருக்கும்."

ராஜமணி ரெக்கார்டை மறுபடி பார்த்தார்.

"எந்தக் கட்டில்?"

"நாலு."

"நேரம்?"

"ரெண்டு பதினேழு."

அவர் முகம் வெளிறியது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

லேபுக்குத் திரும்பி வந்து பார்த்தபோது பொம்மைக்கு நாடி இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை. லிஜா தேர்வில் தேறினாள்.

ஒரு மாதம் கழித்து, ஸ்டோர் பார்க்கும் டைட்டஸ் பழைய ரெக்கார்டு ஒன்றை அஜிஷாவிடம் கொடுத்தார். பொம்மைகள் வாங்குவதற்கு முந்தைய காலம். அப்போது மாணவிகளே ஒருவருக்கொருவர் நோயாளியாகப் படுப்பார்கள்.

நாலாம் கட்டில். படுத்தவள்: ஜாஸ்பின், முதலாண்டு. நேரம் 2.17. நாடி 38.

அந்த 38 சிவப்பு மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. மேலே 72. பக்கத்தில், 'கட்டைவிரலால் எண்ணாதே.' கீழே அன்றைய டியூட்டர் ராஜமணியின் கையெழுத்து.

"அந்தப் பிள்ள பெறவு எழும்பவே இல்ல" என்றார் டைட்டஸ். "மூணு மணிக்கு முடிஞ்சுபோச்சு."