துரை வீட்டு வளைவு

எண்பதுகளின் கடைசியில், மானிப்பாயில் ஓர் ஆங்கிலேயத் துரை கட்டிய மாடி வீட்டைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. போரால் இடம்பெயர்ந்த ஐந்து குடும்பங்கள் மேல்மாடியில் தங்கியிருந்தன. கீழ்க் கூடத்தின் அழகான கல் வளைவைப் பிற்காலத்தில் யாரோ செங்கல்லால் அடைத்திருந்தது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

“உந்தச் செங்கல்லை இடியுங்கோ” என்றேன்.

மேசன் செல்வம் சாந்தைச் சுரண்டிப் பார்த்தார்.

“இடிக்க மாட்டன், ஐயா. வளைவு நடுவிலை வெடிச்சிருக்கு. செங்கல்லுத்தான் மாடியைத் தாங்குது.”

நெருங்கிப் பார்த்தேன். கல்லில் விரல் நுழையும் வெடிப்பு. அதன் அடியில் ஒவ்வொரு செங்கல்லும் வளைவுக்கேற்பச் சீவப்பட்டு, இழை இடைவெளியின்றிப் பொருந்தியிருந்தது. மேலே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது.

அதை அடைத்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. பழைய வீடு எதற்குள் போனாலும், பின்னால் சேர்த்த சுவரைத்தான் இப்போது முதலில் தொட்டுப் பார்க்கிறேன்.