மினுக்கி தேய்த்த கல்

மார்க்கெட் ஆபீஸின் பின்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் சில பித்தளை எடைக்கற்கள் இருந்தன. அவற்றை மூலக்கல் என்பார்கள். இன்ஸ்பெக்டர்கள் தங்கள் பைக்கற்களை இவற்றோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வார்கள். பிறகு அந்தப் பைக்கற்களைக் கொண்டுபோய்க் கடைகளின் கற்களைச் சோதித்து முத்திரை குத்துவார்கள். ஊரில் எது ஒரு கிலோ என்று கடைசியாகத் தீர்ப்புச் சொல்வது அந்தப் பெட்டிதான். பெட்டிக்கு யார் தீர்ப்புச் சொல்வது என்று ஒருவரும் கேட்டதில்லை. சில கேள்விகள் யாருக்கும் தோன்றாமல் இருப்பதால்தான் அரசாங்கங்கள் நடக்கின்றன.

அந்த அறையின் சாவி மினுக்கியிடம் இருந்தது. அவர் கடைநிலை ஊழியர். பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் துறையின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

தொடங்கியபோது அது எடை அளவுத் துறை. சந்தை வாசலில் ஒரு மேசை, ஒரு தராசு, சிரிக்கவே தெரியாத ஓர் அதிகாரி, அவ்வளவுதான். மூலக்கற்களை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது, காய்ந்த மெல்லிய துணியைத் தவிர வேறெதுவும் அவற்றின் மேல் படக் கூடாது என்பது அவர் வைத்த விதி. சில வருடங்களுக்கு ஒருமுறை பஞ்சு அடைத்த பெட்டியில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறுவார். தலைநகரில் இருக்கும் பெரிய கற்களோடு ஒப்பிட்டுத் திரும்பிவருவார். அவர் ஓய்வுபெற்றபோது விதியும் அவரோடு போய்விட்டது. அதன்பின் துறையை லைசென்ஸ் பிரிவோடு இணைத்து, வணிக ஒழுங்குமுறைத் துறை என்று பெரிய பெயர்ப்பலகை மாட்டினார்கள். லைசென்ஸால் வருமானம் உண்டு, எடைக்கல்லால் என்ன உண்டு? பயணப்படியை வெட்டினார்கள். "பித்தளை எங்கய்யா ஓடிடப் போகுது?" என்றார் புது இயக்குநர்.

மினுக்கி வேலைக்குச் சேர்ந்தது அதன் பிறகு. ஒருநாள் அமைச்சர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. இயக்குநர் பெட்டியை எட்டிப்பார்த்து முகம் சுளித்தார். "என்னய்யா இது, தார் டின் மாதிரி கறுத்துக் கெடக்கு? ஏதாவது பண்ணு." மினுக்கி கடையில் பித்தளைப் பாலிஷ் வாங்கிவந்து தேய்த்தார். வந்த அமைச்சர் பெரிய கல்லில் தன் முகத்தைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டார். "இப்படில்ல இருக்கணும் ஒரு ஆபீஸ்!" என்றார்.

மினுக்கியின் வாழ்க்கையில் அவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஒரே பாராட்டு அது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் தேய்த்து மினுக்கினார், மினுக்கி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. துணியில் கறுப்பாக ஒட்டுவதை அழுக்கு என்று நினைத்தார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

காலப்போக்கில் கடைக்காரர்களின் கற்கள் சோதனையில் சற்றுக் கனமாகத் தெரிந்தன. இன்ஸ்பெக்டர்கள் அரத்தால் ராவிச் சரியாக்கி முத்திரை குத்தினார்கள். தன் கல் இளைத்துப்போனதென்று எந்த வியாபாரி அழுவான்? விற்பவனுக்கு அது லாபம். ஊராரிடம் எடைபோட்டு வாங்கும் கடைக்காரன் மட்டும்தான் இதில் மாட்டிக்கொள்ள முடியும்.

மாட்டிக்கொண்டது மினுக்கியின் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். மார்க்கெட் தெருக் கோடியில் பழைய இரும்பு வாங்கும் கடையைப் புதிதாகத் திறந்திருந்தார். சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரின் பையைத் தூக்கிக்கொண்டு மினுக்கியும் வந்தார். தராசில் மாப்பிள்ளையின் கல் கீழே இறங்கியது. அடுத்த கல்லும் இறங்கியது.

"கனக்கல்லை வச்சு வாங்குறியா? ஓட்டை வாளி விக்க வர்றவன் வயித்துல அடிக்கிறியேய்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார், பட்டறையிலேர்ந்து வந்த புதுக்கல்லு சார். இன்னும் அரம் படல. மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

கூட்டம் கூடிவிட்டது. பூட்டுக் கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "ஆபீஸ்ல மச்சான், கடையில மாப்பிள்ளை. நல்லா இருக்குப்பா குடும்ப வியாபாரம்!"

எல்லாரும் சிரித்தார்கள். மினுக்கிக்குக் காது சூடாகிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு உரக்கச் சொன்னார்: "யாரா இருந்தா என்ன? என் கல்லு பொய் சொல்லாது."

கடைக்குச் சீல் வைத்தார்கள், லைசென்ஸ் போயிற்று. மாப்பிள்ளைக்குக் 'கனக்கல்' என்று பெயர் வைத்தது தெரு. அவர் கிடங்குகளில் மூட்டை தூக்கப் போனார், இடுப்பு ஒடியும்வரை தூக்கினார். தங்கை ஒரே ஒரு முறை ஆபீஸ் வாசலுக்கு வந்து, "அவரைப் பத்தி உனக்குத் தெரியாதாண்ணா?" என்று கேட்டாள். மினுக்கி பெட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார். அவள் அதன்பின் வரவில்லை.

மின்னணுத் தராசுகள் வந்தன. துறையை மறுபடி கலைத்து வேறொன்றோடு சேர்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள். மினுக்கி ஓய்வுபெறும் தறுவாயில், தலைநகரிலிருந்து எஃகுக் கற்கள் வந்து இறங்கின. பழையவற்றைக் கழிப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இளம் அதிகாரி தராசைப் போட்டாள். ஒரு தட்டில் எஃகு, மறு தட்டில் பித்தளை. பித்தளைத் தட்டு மேலே போயிற்று.

"தூசி இருக்கும்மா" என்று மினுக்கி எஃகைத் துடைத்துவைத்தார். மறுபடியும் மேலே போயிற்று. ஒவ்வொரு கல்லாக வைத்துப் பார்த்தாள். எல்லாமே மேலே போயின.

"இதையெல்லாம் எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?"

அவர் பெருமையோடு அலமாரியிலிருந்து பாலிஷ் டின்னை எடுத்துக் காட்டினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தேய்ச்சுத் தேய்ச்சே கரைச்சிருக்கீங்களே ஐயா."

மினுக்கி டின்னை மேசைமேல் வைத்தார். "அப்போ அந்த இரும்புக் கடை... அதோட கல்லு கனம் இல்லையாம்மா?"

விஷயத்தைக் கேட்டுக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அது பழைய துறை போட்ட உத்தரவு. அந்தத் துறையே இப்ப இல்லை. அந்த ஒரு கடைக்குத் தப்பு நடந்துச்சுன்னு எழுதினா, ஊர்ல குத்தின அத்தனை முத்திரையும் தப்புன்னு ஆயிடும். என்னால முடியாது."

"நான்தான் தேய்ச்சேன்னு என்னை எழுதுங்களேன்."

"உங்களை எழுதினாலும் அதேதான்."

அவள் கெட்டவள் அல்ல. காலத்தால் தேய்மானம் என்று குறித்தாள். காலத்தை யாரும் விசாரணைக்கு அழைப்பதில்லை.

மினுக்கி தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் மினுக்கி. "உங்க மேல தப்பு இல்ல மாப்பிள்ளை."

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே மச்சான். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

தங்கை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கல்லுக்கு வாய் இல்ல, அது மேல எனக்குக் கோபம் இல்ல" என்றார் மாப்பிள்ளை. "நீங்க வாயைத் திறந்து சொன்னீங்க பாருங்க, தெருவுல நின்னு. இதையும் அங்கேயே போய்ச் சொல்லிடுங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

மினுக்கி மார்க்கெட் தெருவுக்குப் போனார். இரும்புக் கடை இருந்த இடத்தில் வண்டிகள் நின்றன. பூட்டுக் கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்கின. பூட்டுக் கடைக்காரர் செத்துப்போய் வெகுகாலம் ஆகிறதாம். அன்று சிரித்தவர்களில் ஒரு முகமாவது தென்படுகிறதா என்று மினுக்கி தெருவின் இரு பக்கமும் பார்த்தார். வெங்காயக் கடைக்காரன் தராசின் சிவப்பு எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன பெரியவரே, எவ்வளவு போடட்டும்?" என்றான்.

"இங்க ஒரு இரும்புக் கடை இருந்துச்சு. அவரு கல்லு சரியான கல்லு. என் கல்லுதான் பொய்" என்றார் மினுக்கி, அன்றைக்குப் போலவே உரக்க.

"எந்தக் கடை?" என்றான் அவன். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்கு எடைபோடத் திரும்பினான்.

மினுக்கி மறுபடி ஒருமுறை சொன்னார். வழியில் நின்றதால் யாரோ தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்திவிட்டுப் போனார்கள்.