பேட்ஜில் பதிந்திருந்த கட்டைவிரல்

ஒரகடத்தில் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் பதினெட்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன் நான். பெயிண்ட்டில் விரல் ரேகை தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரீவொர்க்குக்குத் தள்ள வேண்டும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

வேலையை விட்டபின் வடக்குப்பட்டு ரோட்டில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஷெட் போட்டேன். மணிமங்கலம் கஸ்தூரி அக்கா, காலமான தன் கணவரின் பழைய மோட்டார் சைக்கிளை விட்டுப் போனார். இன்ஜினின் இரு பக்கமும் கம்பெனி பெயர் பொறித்த பித்தளை பேட்ஜ். எழுத்து மேடாக, பள்ளத்தில் சிவப்பு எனாமல். உதிர்ந்த எனாமலைப் புதுப்பிக்க வேண்டும்.

காலையில் இடது பேட்ஜைக் கழற்றினேன். சிவப்பில் முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை. கை தானாகப் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னரை எடுத்தது. ஊறவைத்துத் துடைத்ததும் தகடு பளிச்சென்று ஆகிவிட்டது. பள்ளத்தில் புதுச் சிவப்பை நிரப்பும்போது கஸ்தூரி அக்காவின் போன் வந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த செவப்பு அவுரே அடிச்சது. காயறதுக்குள்ள வெரல வெச்சிட்டாரு, நான் கூட திட்டுனேன். அந்த ரேகை கீது பாரு, அத்த மட்டும் தொடாத. மத்தியானம் வர்றேன்."

"சரிக்கா" என்றேன்.

முதல் வேலையாகக் குப்பைக்கூடையில் தின்னர் துணியைத் தேடினேன். ரேகை அதில் ஒட்டியிருக்கும் என்று நினைத்த இன்ஸ்பெக்டர் உலகத்திலேயே நான் ஒருவன்தான். பிறகு வலது பேட்ஜையும் கழற்றிப் பார்த்தேன். ரேகை இல்லை. எழுத்தின் மேலேறிய ஒரு கோணல் பிரஷ் கோடுதான் இருந்தது.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எனக்கும் கட்டைவிரல் இருக்கிறதே!

பெயிண்ட் டப்பா மூடியில் பழகினேன். முதல் ரேகை நசுங்கிய கொசு மாதிரி இருந்தது. பன்னிரண்டாவது அச்சு அசலாக விழுந்தது. பேட்ஜுக்கு மேலே விரலைக் கொண்டுபோனபோது வாசலில் ஆட்டோ நின்றது, அக்கா இறங்கினார். கையைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன்.

"இன்னா தம்பி, பாக்கெட்டெல்லாம் ரத்தம்?"

"பெயிண்ட்டுக்கா."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூடியையும் காட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பன்னிரண்டாவது ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நம்பியிருப்பேன் தம்பி. தெனமும் அத்த தொட்டுப் பாத்துக்கினு இருந்திருப்பேன்."



வலது பேட்ஜை அவரே எடுத்தார். கோணல் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "இத்த இப்டியே மாட்டு. தொடைக்காத."

துடைக்கவில்லை. இரண்டு ஸ்க்ரூவையும் போட்டு, அழுக்கோடு மாட்டிக்கொடுத்தேன்.

இப்போது எந்த வண்டி வந்தாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன், "இதுல எதத் தொடக் கூடாது?" என்று கேட்கிறேன். மறந்துவிடாதிருக்க, தின்னர் டின்னுக்கு மேலே ஆணியில் அந்த மூடியை மாட்டியிருக்கிறேன். அதில் இருக்கிற பன்னிரண்டும் என் விரல்.