மாங்கொட்டையும் முப்பத்தோராயிரமும்

வட ஆஸ்திரேலியாவில், கேத்தரின் என்ற எங்கள் ஊரின் நாய் ஆஸ்பத்திரியில் ரத்தம் எண்ணும் மெஷினுக்கு வயது இரண்டு. நர்ஸ் நொரீன் பாஸ்கோவுக்கு ஐம்பத்து மூன்று. இருவரில் யார் பேச்சு அங்கே எடுபடும் என்று கேட்பவர் ஊருக்குப் புதியவராகத்தான் இருக்க வேண்டும்.

நொரீன் இருபத்தாறு வருஷமாக நாய் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து வருபவள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள், ஊசியைத் தடுமாறித் தடுமாறிக் குத்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியை மெஷினுக்கு எண்ணத் தெரியாது. இது அவள் கட்சி. கட்சியில் உறுப்பினர் அவள் ஒருத்திதான்.

போன நவம்பரில் மெர்வ் ஹான்ரஹான் தன் மாடு மேய்க்கும் நாய் டஸ்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்திருந்தது. அன்றே அறுத்தாக வேண்டும். டாக்டர் க்ரெய்க் டல்லி, தான் பிடித்த பாரமுண்டி மீனின் நீளத்தை மெர்வுக்கு விவரித்தபடியே நாயின் முன்காலில் மூன்று முறை குத்தி ரத்தம் எடுத்தார். மெஷின் சற்று உறுமிவிட்டு, தட்டணு முப்பத்தோராயிரம் என்றது. சாதாரணமாக ஒன்றே முக்கால் லட்சமாவது இருக்கும்.

"உண்ணிக் காய்ச்சல்தான் மெர்வ். இப்ப கத்தி வச்சா ரத்தம் நிக்காது. டார்வின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"முன்னூறு கிலோமீட்டரா? பாதி வழிகூடத் தாங்காது, டாக்டர்!"

அதற்குள் நொரீன் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். "க்ரெய்க், இங்க வந்து பாரு. ஓரம் பூரா திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக் கிடக்கு."

"மெஷின் அப்படி ஒண்ணும் சொல்லலியே, நொரீன்."

"மெஷினுக்குக் கண்ணு இருக்கா?"

"லேசர் இருக்கு."

"அப்ப அந்த லேசரையே மெர்வுக்குப் பதில் சொல்லச் சொல்லு. தள்ளு, கழுத்துல நான் எடுக்கறேன்."

ஒரே குத்து. மீன் பேச்சு கிடையாது. புது ரத்தத்தைத் தடவிப் பார்த்தாள், கட்டி இல்லை. பத்து இடங்களில் தட்டணுக்களை எண்ணினாள். இடத்துக்குச் சராசரி பதினாலு. வழக்கமான கணக்குப்படி அதைப் பதினைந்தாயிரத்தால் பெருக்கினாள். "ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். அறுக்கலாம்."

டாக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு அதே ரத்தத்தை மெஷினுக்குள் வைத்தார். நாய் முனகியது. மெர்வ் தொப்பியைக் கசக்கினார். நொரீன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மெஷின் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் என்றது.

"பாத்தீங்களா! மெஷினே சரின்னு சொல்லிருச்சு. டேபிளை ரெடி பண்ணுங்க!"

டஸ்டி பிழைத்தது. சனிக்கிழமை மெர்வ் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். மேலே சீட்டு ஒட்டியிருந்தது: 'மெஷினுக்கு, டஸ்டியின் நன்றி.' டாக்டர் கண்கலங்கி, பெட்டியை மெஷின் தலையிலேயே வைத்தார்.

சாயங்காலம் நொரீன் மாம்பழப் பெட்டியை அப்படியே தூக்கித் தன் காரில் ஏற்றினாள்.

மெஷின் ஆட்சேபிக்கவில்லை.